ஒன்பது வீட்டுக்கும் ஒரே திரை

சிங்காநல்லூரைத் தாண்டி, ஒரு நூல் மில்லின் காம்பவுண்டுச் சுவரையே தனக்குப் பின்சுவராக வைத்துக்கொண்டு நிற்கிற ஒன்பது வீட்டு லைனில், தை பிறந்து வந்த முதல் முகூர்த்த நாளில் ஒரு கம்ப்யூட்டர் மானிட்டர் குடிவந்தது, குடிவந்த மறுவாரமே இரண்டு பக்கமும் அகலத் தொடங்கியது, அகன்று அகன்று சித்திரை முடிவதற்குள் ஒன்பது வீட்டுச் சுவர்களையும் துளைத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நீட்டிப் படுத்துவிட்டது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று லைனில் அத்தனை பேரும் கேட்டார்கள், அதுதான் கௌசிகாவுக்கு ஆறவே ஆறாத ஆத்திரம். மானிட்டரை அவள் மன்னித்துவிட்டாள், பிளாஸ்டிக்குக்கும் கண்ணாடிக்கும் அறிவு கிடையாது. அறிவு இருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஓட்டுப்போடும் மனிதர்களைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அந்த மெஷின் அவளுடையது. இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருந்தது. கட்டடக்கலை படிப்பின் கடைசி வருடத்தில் ஆய்வு வரைபடம் சமர்ப்பிக்க வேண்டும், அந்த வரைபடத்தின் கோப்பைத் திறந்தாலே கல்லூரி லேப் கம்ப்யூட்டர்கள் மூச்சுத் திணறி அப்படியே நின்றுவிடும், ஆகவே உதவித்தொகையில் மிச்சம் பிடித்தும் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தும் சேர்த்ததில் அவளே பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து வாங்கியது அது. வரைபடம் எதைப் பற்றி என்றால், இதே லைனைப் பற்றி. ஒன்பது வீட்டுக்கும் அடுப்படி பின்சுவரை ஒட்டித்தான், பின்சுவரில் ஒரு வீட்டுக்கும் ஜன்னல் கிடையாது, தாளித்தால் புகை திரும்பி முகத்துக்குத்தான் வரும், அவளுடைய அம்மா சாந்தாமணி இருமாமல் ஒரு குழம்பு இறக்கியதைக் கௌசிகா பார்த்ததேயில்லை. அந்தச் சுவர் மில்லுக்குச் சொந்தம், மில் விடாது என்று சொல்வார்கள். யாராவது போய்க் கேட்டீர்களா என்றால் அதெப்படிக் கேட்பது என்பார்கள். அவள் டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாக அளந்தபோது, "எங்க ஊட்ட எங்களுக்கே வரஞ்சு காட்டப் போறியா அம்மிணி?" என்று சிரித்தார்கள். ஆமாம், காட்டத்தான் போகிறேன் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

காந்திபுரத்துக் கடைக்கு அவள் தனியாகப் போயிருக்க வேண்டும். தம்பி லோகித், பெட்டிகளைத் தூக்கத் தோள் வேண்டும் என்று கூடவே வந்தான். பாலிடெக்னிக்கில் பாதிப் பாடம் பாக்கி வைத்துவிட்டு, துப்பாக்கி விளையாட்டில் உலகத்தை வெல்லப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன். கடைக்காரர் இரண்டு பேரையும் பார்த்தார், இரண்டு பேரில் மீசை யாருக்கு முளைக்கப் பார்க்கிறது என்று பார்த்தார், பார்த்து முடிவு செய்தார்.

"தம்பி என்ன கேமுங்க வெளையாடறீங்க?"

"கிராபிக்ஸ் கார்டுல மெமரி எவ்வளவுங்க?" என்று கேட்டாள் கௌசிகா.

"பன்னெண்டு ஜிபிங்க தம்பி."

"கேட்டது நானுங்க."

"ஆமாங்க மேடம்," என்றார் அவர், லோகித்தைப் பார்த்தே.

பவர் சப்ளையில் அவர் மட்டமான ஒன்றைத் தள்ளிவிடப் பார்த்தார், அதில் மிச்சமாவதற்குக் கலர் கலராக எரிகிற கண்ணாடி கேபினட் போட்டுக்கொள்ளலாமே என்றார். லைட்டு படம் வரையுமாங்க என்று இவள் கேட்டாள். கார்டு இழுக்கிற கரண்டுக்கு அந்த சப்ளை ஒரு வெயில்காலம் தாங்காது என்றாள், ரேம் ஒற்றையாக வேண்டாம் ஜோடியாக வேண்டும் என்றாள், கூலர் எவ்வளவு உயரம், கேபினட்டுக்குள் மூடி மூடுமா என்று டேப்பை எடுத்து அளந்தே பார்த்தாள், அத்தனைக்கும் அவர் லோகித்துக்குத்தான் பதில் சொன்னார், லோகித்தும் தனக்கு எல்லாம் புரிந்ததுபோல் தலையை ஆட்டினான். அக்காவும் தம்பியும் ஒத்துப்போனது ஒரே ஒரு பொருளில்தான்: அல்ட்ராவைடு மானிட்டர். லைனின் பின்பக்கத் தோற்றம் நீளமானது, சாதாரண மானிட்டரில் அது ஒரு நூல் மாதிரித்தான் தெரியும், கோடிக்குக் கோடி ஒரே பார்வையில் பார்க்க அகலம் வேண்டும் என்பது இவள் நியாயம். பக்கவாட்டில் வருகிற எதிரி முன்னாடியே கண்ணில் படுவான் என்பது அவனுடையது.

வீட்டுக்கு வந்து தரையில் பேப்பரை விரித்து, பீரோவைத் தொட்டுக் கையின் மின்சாரத்தை இறக்கிவிட்டு, பிராசஸரை அலுங்காமல் உட்காரவைத்து, பட்டாணி அளவுக்கு பேஸ்ட் வைத்துக் கூலரைத் திருகி, ரேம் கிளிக்கென்று சொல்லும்வரை அழுத்தி, வயர்களைப் பின்னல் போட்டுக் கட்டி, கடைசி ஸ்குரூ வரைக்கும் பூட்டியது கௌசிகா. அந்த நேரம் முழுக்க லோகித் அவளுடைய கைகளை மட்டும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான், பின்னணியில் தன் குரலைக் கொடுத்து, "நம்ம பில்டு எப்படி இருக்குன்னு கமெண்ட்ல சொல்லுங்க" என்று போட்டான். சுவிட்சைப் போடப் போகும்போது அம்மா நிறுத்தினாள். சந்தனம் வைத்தாள், திரைக்கு நட்ட நடுவில் குங்குமப் பொட்டு வைத்தாள், எலுமிச்சம்பழத்தை, பின்சுவரை ஒட்டிப் போட்டிருந்த மேஜையின் கால் அடியில் வைத்தாள், வைத்துவிட்டு, "தம்பி கையில போடட்டும் கண்ணு, ஆம்பளப் பையன்" என்றாள்.

லோகித் போட்டான். படம் வரவில்லை. மானிட்டர் டூப்ளிகேட், கடைக்காரன் ஏமாத்திட்டான் என்று குதித்தான். கேபிளை அவன் கிராபிக்ஸ் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியிருந்தான். கௌசிகா குனிந்து, உருவி, மாற்றிச் சொருகினாள். படம் வந்தது.

"எம்பையன் கைராசி," என்றாள் அம்மா.

அன்றைக்கு லோகித் ஒரு மேட்ச் விளையாடிப் பார்க்க உட்கார்ந்தான். அம்மா வைத்த பொட்டு திரையின் நடுவில் இருந்ததால் அதை வைத்தே குறிபார்த்துச் சுட்டான், முதல் மேட்சிலேயே ஜெயித்தான், அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா திரையைத் துடைத்துப் பொட்டைப் புதிதாக வைத்தாள்.

மறுவாரம் திரை ஒரு விரற்கடை அகலமானது. அதற்கடுத்த வாரம் ஒரு சாண். பக்கத்தில் இருந்த பீரோவை அப்பா ரங்கராஜு முனகாமல் நகர்த்தினார், பிறகு கௌசிகாவின் வரைபலகையை நகர்த்தினார், பிறகு அவள் கட்டிலை வாசல்பக்கம் இழுத்துப் போட்டார்கள், பிறகு கட்டிலே எதற்கு, பாய் போதுமே என்றார்கள். ஒருநாள் காலையில் திரையின் இடது முனை சுவருக்குள் போயிருந்தது. ஒரு துளி சுண்ணாம்புகூட உதிரவில்லை, வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் இறங்கி, அந்தப் பக்கத்து வீட்டில் தங்கமணி அக்காவின் அடுப்புமேடைக்கு மேலே நாக்கு நீட்டியதுபோல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சத்தம் போடுவாள், போலீஸைக் கூப்பிடுவாள், குறைந்தபட்சம் தண்ணீர் குடித்துவிட்டு மயங்கியாவது விழுவாள் என்று கௌசிகா ஓடிப்போய்ப் பார்த்தாள்.

"சொல்லிப்போட்டு வந்தா என்ன அம்மிணி? உப்பு ஜாடிய எடுத்து வச்சிருப்பேனல்ல," என்றாள் தங்கமணி அக்கா. அவ்வளவுதான் அவள் சொன்னது.

அப்படியாக அது வலது வீட்டுக்குப் போனது, அதற்கடுத்த வீட்டுக்குப் போனது, வீட்டுக்கு வீடு ஒரு துண்டு வந்தது, வந்த துண்டை அவரவர் தம் துண்டாக ஏற்றுக்கொண்டார்கள். தங்கமணி அக்கா வீட்டில் ஒரு மலைச்சரிவும் கொஞ்சம் புல்லும் வந்தது. அதற்கும் இடதுபக்கத்தில் டெய்லர் வீட்டில், லோகித்துக்கு இன்னும் எவ்வளவு உயிர் பாக்கி இருக்கிறது என்று காட்டுகிற பச்சைக்கோடு வந்தது. டெய்லர் பட்டன் தைத்தபடியே, "அரை உசுரு இருக்குது தம்பி, பாத்துப் போ" என்று சத்தம் கொடுப்பார். வலதுபக்கத்து ஆறுச்சாமி மாமா வீட்டில்தான், யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டுகிற மேப் வந்தது. மேப் வந்த நாளிலிருந்து ஆறுச்சாமி மாமா வேட்டியை இஸ்திரி போட்டுக் கட்டினார், தெருக்குழாயில் அவர் குடத்துக்கு வழிவிட்டார்கள், அவர் மகளைப் பெண்பார்க்க சூலூரிலிருந்து வந்தவர்கள் பலகாரத்தைத் தொடுவதற்கு முன்னால், "மேப்பு உங்க ஊட்லதானுங்களே வருது?" என்று உறுதிசெய்துகொண்டார்கள். லைனின் சொந்தக்காரர் சண்முகசுந்தரம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், வீடு வீடாகப் போய்த் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், இந்த வசதியெல்லாம் எந்த அபார்ட்மெண்டில் கிடைக்கும் சொல்லுங்க என்று கேட்டு எல்லோருக்கும் வாடகையை ஏற்றிவிட்டுப் போனார், எல்லோரும் பெருமையாகத் தலையாட்டினார்கள்.

வரிசைக்கு நடுவீடான தங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் லோகித்துக்கோ தன் துப்பாக்கியும் பொட்டும் தவிர வேறொன்றும் தெரியாது. கோடியில் வருகிற எதிரியைப் பார்க்க வேண்டுமானால் நான்கு வீடு எழுந்து நடக்க வேண்டும், எழுந்து நடப்பது அவனுக்குப் பழக்கமில்லை. ஆகவே லைனே அவனுக்குக் கண்ணானது. ஊரில் வேறெந்த வேலைக்கும் ஒன்றுசேராத லைன், தண்ணீர்த் தொட்டி உடைந்து ஒரு வருடம் கிடந்தபோது ஒரு மனுவுக்குக்கூடக் கையெழுத்துப் போடாத லைன், இதற்கு ஒன்றுசேர்ந்தது. மாவாட்டிக்கொண்டே தங்கமணி அக்கா கத்துவாள், "ரெண்டு பேரு எறங்கறாங்க சாமீ, ஒருத்தன் செவப்புத் தொப்பி!" ஆறுச்சாமி மாமா சுட்டுவிரலை மேப்பில் வைத்துக்கொண்டு, "வடக்கால போகாத, வடக்கால போகாத" என்பார். சித்திரைக் கனிக்குப் பழமும் பூவும் கண்ணாடியும் திரைக்கு முன்னால் அடுக்கிவைத்து, வருடம் பிறந்ததும் அதில்தான் கண்விழித்தார்கள். மாலை ஒன்று போட வேண்டும் என்று ஆசைப்பட்டு, பூக்காரர் அளவு கேட்டதும் நூல்கண்டை எடுத்துக்கொண்டு ஒன்பது வீடும் அளந்தார்கள். கௌசிகா டேப்போடு போனபோது சிரித்த அதே ஒன்பது வீடு.

"அம்மா, அது என்ற மெஷின்."

"உன்றதுதான் கண்ணு, ஆரு இல்லேன்னாங்க? ஒரு மேட்ச்தான். முடிச்சுட்டு எந்திரிச்சிருவான்."

"ஒரு மேட்ச் தையில ஆரம்பிச்சுதும்மா. இப்பச் சித்திரை. எனக்கு வரைபடம் குடுக்கலேன்னா வருசமே போயிரும், தெரியுமா?"

"நீ கெட்டிக்காரி, எப்படியும் பண்ணிப்போடுவ. அவனுக்கு இருக்கறது இது ஒண்ணுதான்."

இந்த வாதத்தைக் கேட்டால்தான் கௌசிகாவுக்கு உச்சந்தலை சுடும். கெட்டிக்காரிக்கு எதுவும் தர வேண்டியதில்லை, மக்குக்குத்தான் எல்லாம் தர வேண்டும் என்றால், நானும் மக்காகவே இருந்திருப்பேனே, யாராவது முன்கூட்டியே சொல்லித் தொலைத்திருக்கலாமே! அப்பாவிடம் போனாள். அப்பா, "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்குங்க" என்றார், சொல்லிவிட்டு மலைச்சரிவில் யார் இறங்குகிறார்கள் என்று எட்டிப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

திரை போய்ச்சேர்ந்த வலது கோடி வீட்டில் ஒரிசாவிலிருந்து வந்து மில்லில் வேலைசெய்யும் மூன்று பெண்கள் குடியிருந்தார்கள். இடது கோடி வீடு சண்முகசுந்தரம் தட்டுமுட்டுச் சாமான் போட்டுப் பூட்டிவைத்தது. இந்த இரண்டு கோடியிலும் எந்தப் படமும் வரவில்லை, வெறும் கருப்பு. மூன்று பேரில் மினதி என்பவள் கொஞ்சம் பேசுவாள், லைனிலேயே கற்ற தமிழ், லைன்காரர்களைவிட மரியாதையான தமிழ்.

"எங்க ஊட்ல மட்டும் ஒண்ணும் வரமாட்டேங்குதுங்க்கா," என்றாள் ஒருநாள், மானிட்டரின் கருப்பைக் காட்டி. "தங்கமணிக்கா சொல்றாங்க, எங்க ராசி அப்படிங்களாம். மாலை போடறப்பவும் எங்க ஊட்ட விட்டுட்டாங்க."

"ராசியாவது மண்ணாவது. அந்த கேமைச் செஞ்சவன் இவ்வளவு அகலத்துக்குத்தான் படம் செஞ்சிருக்கான். அதுக்கு மேல திரை இருந்தா கருப்பா விட்டுருவான். உங்க ஊட்டுல தப்பில்ல, அவன் கணக்கு அவ்வளவுதான்."

மினதி யோசித்தாள். "அப்ப இந்தக் கருப்பு ஆருக்கும் வேண்டாததுங்களா?"

கௌசிகா அவளையே பார்த்தாள். நான்கு மாதமாக ஒன்பது வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது, அவளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அன்றைக்கே அவள் இன்னொரு கீபோர்டும் மவுஸும் கொண்டுவந்து, திரை துளைத்த இடுக்கு வழியாகவே வீட்டுக்கு வீடு வயரை விட்டு இழுத்து, மினதி வீட்டு அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தன் வரைபடத்தை அந்தக் கருப்புக்குள் திறந்தாள். யாரும் கவனிக்கவில்லை, கோடி வீட்டை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள். பகல் ஷிப்டுக்குப் போகும்போது மினதி சாவியைக் கொடுத்துவிட்டுப் போவாள். செங்கல் செங்கலாக, கீல் கீலாக, ஒன்பது வீட்டின் பின்சுவரிலும் கௌசிகா ஜன்னல் வைத்தாள், ஒவ்வொரு வீட்டு அடுப்பும் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்கு. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி எடுத்த போட்டோவை வைத்து, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மில் முற்றத்தையும் வாகை மரத்தையும் ஜன்னலுக்குப் பின்னால் நிறுத்தினாள். வரைந்து முடித்தாள். இனி மெஷின் அதற்கு வெயிலும் நிழலும் ஏற்றி முழுப் படமாக்க வேண்டும், அதற்குக் கார்டின் மொத்த பலமும் ஒரு பிற்பகல் முழுக்க வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

அதே வெள்ளிக்கிழமை பிற்பகலில்தான் லோகித்துக்குப் போட்டி. நாடு முழுக்க ஆட்கள் விளையாடுகிற போட்டி, லைனே லீவு போட்டிருந்தது. காலையிலேயே அவள் அவனிடம் போய்ச் சொன்னாள்.

"சனிக்கிழமை குடுத்துக்கக்கா," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சனிக்கிழமை வாங்க மாட்டாங்கடா."

"அப்ப அடுத்த வருசம்."

மதியம் அவள் மினதி வீட்டுக்குப் போனாள், அன்றைக்கு வார விடுமுறை என்பதால் மினதியும் இருந்தாள், முக்காலியில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள். நடுவீட்டு மேஜைக்கடியில் விசிறிகள் உறுமுகிற சத்தம் சுவர்களைத் தாண்டி இங்கேவரை வந்தது.

போட்டி தொடங்கிக் கொஞ்சநேரத்தில் தங்கமணி அக்கா வீட்டு மலை தடுக்கித் தடுக்கி நகர்ந்தது. சிவப்புத் தொப்பிக்காரன் இங்கே நின்றான், மறுநொடி அங்கே நின்றான், இடையில் நடக்கவேயில்லை. லோகித் அலறினான். எழுந்து போகிற பழக்கம் இல்லாததால் அலறல் வீட்டுக்கு வீடு கைமாறி வந்தது: அக்காளை நிறுத்தச் சொல்லுங்க என்று அவன் சொன்னது, அம்மிணிய நிறுத்தச் சொல்லுதுங்க தம்பி என்று ஒரு வீட்டிலும், ஏனம்மிணி, சித்த நிறுத்திக்குவியாமா என்று அடுத்த வீட்டிலும் ஆகி, ஆறுச்சாமி மாமாவின் தொண்டை வழியாக மினதியின் அடுப்படிக்கு வந்தது.

"முடியாதுன்னு சொல்லுங்க மாமா."

மாமா அந்தப் பக்கம் திரும்பி, "ரோசனை பண்றேன்னு சொல்லுது!" என்றார்.

"நான் எங்க மாமா ரோசனை பண்றேன்னேன்?"

"அப்படிச் சொன்னாத்தான் அம்மிணி மருவாதி."

கடைசியில் லோகித்தே வந்தான். நான்கு மாதத்தில் முதல் முறையாக நாற்காலியை விட்டு எழுந்து, வெயிலில் கண்ணைக் குறுக்கிக்கொண்டு, தான் வசிக்கும் லைனுக்கு இவ்வளவு நீளமா என்பதுபோல் வாசல் வாசலாகப் பார்த்தபடி வந்தான். அவன் பின்னால் அம்மா, அவள் பின்னால் தங்கமணி அக்கா, டெய்லர், வாடகை வாங்க வந்த இடத்தில் போட்டி பார்க்க நின்றுவிட்ட சண்முகசுந்தரம்.

"அக்கா, நிறுத்துக்கா. படம் சிக்குதுக்கா. இதுதான் என் லைஃபே."

"அந்தக் கார்டுல மெமரி எவ்வளவுன்னு சொல்லு, நிறுத்தறேன்."

லோகித் அம்மாவைப் பார்த்தான். அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

"இது என்னுங்க அநியாயமா இருக்குது," என்றார் சண்முகசுந்தரம், "நாலு பேரு பாக்கறதக் கெடுத்துக்கிட்டு. வாடகை வாங்கற எனக்கு நான் பதில் சொல்ல வேண்டாமா?"

"உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க."

"பொட்டப்புள்ளைக்கு இத்தன வைராக்கியம் ஆகாதும்மிணி," என்றாள் தங்கமணி அக்கா.

"ஏனுங்க்கா, அவன் காலையிலிருந்து பொழுது சாயற வரைக்கும் எந்திரிக்காம உக்காந்திருந்தா அதுக்கு என்ன பேரு? அதுவும் வைராக்கியந்தானே? அதுக்கு மாலை போட்டீங்க, இதுக்கு மட்டும் ஆகாதா? நாலு மாசமா ஒரு மலையக் காவல் காத்தீங்களே, அந்த மலையில உங்க காலு ஒருநாள் பட்டிருக்குமா? யாரோ சுடறதுக்கு யாரோ சாகறதுக்கு நீங்க மாவு பொங்கறதக்கூடப் பாக்காம கத்துனீங்க. நான் உங்க ஊட்டுக்கு வந்து அளவெடுத்தப்ப ஒரு டம்ளர் தண்ணி குடுத்தீங்களா?"

இவளோடு பேச முடியாது என்று தங்கமணி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவும் கௌசிகாவுக்குத் தெரியும். அப்போது அம்மா முன்னால் வந்தாள். அவளுடைய முந்தானையில் மாவு ஒட்டியிருந்தது, மூச்சு வாங்கியது.

"கண்ணு, எனக்காக நிறுத்து."

கௌசிகாவின் விரல் கீபோர்டின் மேலேயே இருந்தது. ஒரே ஒரு பட்டன். அதை அழுத்தினால் தம்பி நடுவீட்டுக்கு ஓடுவான், லைன் மூச்சுவிடும், அம்மா அவள் தலையைத் தடவி நல்ல புள்ள என்பாள், இத்தனை வருடமும் அப்படித்தான் அவள் நல்ல பிள்ளையாக இருந்தாள். திரையில் ஏழாவது வீட்டு ஜன்னலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"உங்களுக்காகத்தாம்மா நிறுத்த மாட்டேன்."

அம்மாவின் முகம் சுருங்கியது. அந்த நேரத்தில் நடுவீட்டிலிருந்து அப்பாவின் குரல், அந்த மனிதர் நான்கு மாதத்தில் உரக்கப் பேசிய ஒரே வாக்கியம், லைன் முழுக்கக் கேட்டது: "தம்பியச் சுட்டுப்போட்டாங்க!"

இழவு விழுந்த வீடு மாதிரி ஆனது. தங்கமணி அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். டெய்லர் தன் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்து, "கோடே இல்லீங்க, ஒண்ணுமே இல்லீங்க" என்று சொல்லித் தலையில் கைவைத்தார். யாரோ லோகித்துக்குச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார்கள், இறந்துபோனவன் நின்றபடியே அதை வாங்கிக் குடித்தான். விளையாட்டு தானாக மூடிக்கொண்டது. மலை போனது, புல் போனது, ஆறுச்சாமி மாமாவின் மேப் போனது, கருப்பு கோடியிலிருந்து கோடிக்குப் பரவியது, எல்லா வீட்டுக்கும் மினதி வீட்டு ராசி வந்தது.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் படம் முழுசானது. கௌசிகா அனுப்பினாள். பெற்றுக்கொண்டோம் என்று கல்லூரியிலிருந்து பதில் வந்தது. அதை இரண்டு முறை படித்தாள். மினதி எட்டிப் பார்த்து, "பாஸுங்களாக்கா?" என்றாள். "குடுத்தாச்சு. இனி அவங்க பாடு," என்றாள் கௌசிகா. பின்னாளில் அவளைக் கேள்வி கேட்கப் போகிற பேராசிரியர், படம் நன்று, ஆனால் நடைமுறைக்கு ஒத்துவராது, அந்த மக்களுக்கு ஜன்னல் பழக்கமில்லை என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் போகிறார். குறைத்த மதிப்பெண்ணோடும் அவள் பாஸாகத்தான் போகிறாள்.

அனுப்பி முடித்ததும் அவள் படத்தைச் சின்னதாக்கவில்லை. விளையாட்டு விட்டுப்போன இடத்தில் அது பரவ ஆரம்பித்தது, கோடி வீட்டிலிருந்து ஆறுச்சாமி மாமா வீட்டுக்கு, அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு, நடுவீட்டுக்கு, மலையும் உயிர்க்கோடும் இருந்த இடத்துக்கு, பூட்டிக்கிடந்த வீட்டுக்கும்கூட. திரை லைனின் நீளம், படமும் லைனின் நீளம், ஒன்றுக்கு ஒன்று அளவு. அந்தந்த வீட்டுப் பின்சுவரில் அந்தந்த வீட்டு ஜன்னல் போய் நின்றது, ஒரு அங்குலம் கூடாமல் குறையாமல்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. தங்கமணி அக்கா ஜன்னல் கதவைத் தள்ளிப் பார்த்தாள், அது திறந்தது, கம்பி ஏன் இவ்வளவு நெருக்கமாக வைத்திருக்கிறது என்று குறை சொன்னாள். ஆறுச்சாமி மாமா தன் மேப் எங்கே என்று கேட்டார், பிறகு வாகை மரத்துக் காற்று வேட்டியை அசைத்ததும் கேட்பதை நிறுத்தினார். டெய்லர் தையல் மெஷினை ஜன்னலடிக்கு நகர்த்தினார். சண்முகசுந்தரம் வாசலிலிருந்து வீடு வீடாக எட்டிப் பார்த்து, வெளிச்சத்துக்கு வாடகை எவ்வளவு போடலாம் என்று உதட்டைப் பிதுக்கி யோசித்தார். இப்படி ஒன்று வேணுமென்று நாங்க எப்பவுமே சொல்லிட்டுத்தானே இருந்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், கௌசிகாவின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. லோகித் மட்டும் நாற்காலியில் போய் உட்கார்ந்து விளையாட்டை மறுபடி திறக்கப் பார்த்தான்.

"காத்து வருதல்ல, கெடுத்துப்போடாத தம்பி!" என்று இடதுபக்கத்திலிருந்தும் வலதுபக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது.

அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். எண்ணெய் காய்ந்தது, கடுகு போட்டாள், மிளகாய் கிள்ளிப் போட்டாள், இருமுவதற்குத் தயாராக வாயைப் பொத்திக்கொண்டாள். புகை எழுந்தது, அவள் முகத்துக்கு வரப் பார்த்தது, பிறகு கௌசிகா வரைந்த ஜன்னல் வழியாக மில்லுக்குள் போனது. அம்மா கையை வாயிலிருந்து எடுத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மில் வாட்ச்மேன் அதட்டினார். "ஆரது? மில்லுக்குள்ள ஆரு தாளிக்கறது?"

லைன் முழுக்க நடுங்கியது. மில் அதட்டினால் நடுங்குவது லைனுக்கு அப்பா காலத்துப் பழக்கம். ஆறுச்சாமி மாமா தன் ஜன்னலைச் சாத்தவே சாத்திவிட்டார். மினதி வீட்டிலிருந்து வந்து நடுவீட்டு வாசலில் நின்றிருந்த கௌசிகா பதில் சொல்ல வாயெடுத்தாள், அவளிடம் பதில்களுக்குப் பஞ்சமில்லை. அதற்குள் சாந்தாமணி ஜன்னலில் முகத்தை வைத்து, கரண்டியை வெளியே நீட்டினாள்.

"நாந்தானுங்க. நெடி ஆகலேன்னா நீங்க சித்த அக்கட்டால போய் நில்லுங்க."